ஆட்டின் குலான் இரண்டு

என் கையில் சீட்டுக்கட்டைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். (எழுதி ஒட்டலாம் என்று என் கணவர் சொன்னார். ஃபிரிட்ஜ் கதவில் இடமில்லாததால் தப்பித்தேன்.) இந்தச் சட்டம் பிறந்த சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி அவரவர் ஒரு விதமாகக் கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் சொல்வதைவிட நான் அன்றைக்கு அதிக முட்டாளாகவே இருந்தேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கரமனையில் எங்கள் தெருவில் 'ஐம்பத்தாறு' என்றால் சீட்டாட்டம். இரண்டு கட்டுகளை ஒன்றாக்கி, சின்னச் சீட்டுகளைக் கழித்துவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஆடுவது. இதில் ராஜா ராணிக்கு மரியாதை கிடையாது. எல்லாருக்கும் பெரியவன் குலான். மற்ற ஊர்க்காரர்கள் ஜாக் என்று சொல்லும் அதே பையன்தான். அவனுக்கு அடுத்தபடி ஒன்பது. காசு வைத்து ஆடுவதில்லை. தோற்றவர்கள் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முன்பெல்லாம் பலா இலையைச் சுருட்டித் தொங்கவிடுவார்களாம். இப்போது துணி காயப்போடும் கிளிப்.

என் அப்பா கிருஷ்ணனும் பக்கத்துத் தெரு பாலு மாமாவும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஐம்பத்தாறில் கூட்டு. அந்தக் கூட்டு ஓர் ஓணத்தன்று, தெரு சபாவில் நடந்த கடைசி ஆட்டத்தில் உடைந்தது. அப்பா கையில் ஆட்டின் குலான், அதாவது இதயப் படம் போட்ட குலான், இருக்கிறது என்று நம்பி பாலு மாமா பெரிதாக ஏலம் கேட்டார். அப்பா கையில் அது இருக்கத்தான் செய்தது. இறக்க வேண்டிய சமயத்தில் இறக்காமல், இதைவிட நல்ல சமயம் வரும் என்று அப்பா பத்திரமாக வைத்திருந்தார். வரவில்லை. தோற்றதும் பாலு மாமா தெருவே கேட்கும்படி, "உன்னோட கூட்டு சேர்றதுக்கு நான் அந்தத் தூணோட சேர்ந்திருக்கலாம்" என்றார். அப்பா காதிலிருந்த கிளிப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. காலை நடைக்கு இருவரும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில், ஆளுக்கு ஓர் ஓரமாகப் போனார்கள். மற்ற நேரமெல்லாம் அப்பா வீட்டிலேயே இருந்தார். பேப்பரை டெண்டர் விளம்பரம் வரை படித்துவிட்டு அடுக்களைக்குப் போய் அம்மாவுக்குத் தாளிக்கக் கற்றுக்கொடுப்பார்.

"எடீ விஜி, ஒண்ணு அவரை வெளியில அனுப்பு, இல்லேன்னா என்னை எங்கயாவது அனுப்பு" என்றாள் அம்மா.

அதே வாரம் பாலு மாமாவின் மனைவி ராஜம் மாமி என்னைக் கோயில் வாசலில் நிறுத்தினாள். பெங்களூரில் இருக்கும் மகன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், மாமா இத்தனை நாள் முடியாது என்று சொன்னவர் இப்போது சரி என்கிறார், வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்கள் என்றாள். "இங்க எனக்கு ஆரு இருக்கான்னு கேக்கறார்டீ. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

பாலு மாமா போய்விட்டால் சாலையின் அந்த ஓரம் காலியாகிவிடும். அப்பா யாரைப் பார்க்காத மாதிரி நடப்பார்?

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே மதியச் சாப்பாட்டின்போது சிலர் போக்கர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்டத்தில் கூட்டே கிடையாது, அவரவர் சீட்டு அவரவர் பாடு என்று காதில் விழுந்தது. கூட்டு இல்லையென்றால் சண்டை எங்கிருந்து வரும்? இரண்டு பேரையும் ஒரு மேஜையில் உட்காரவைத்தால் மீதி தானாக நடக்கும். (போக்கர் பற்றி எனக்கு அன்று தெரிந்தது அவ்வளவுதான். பிறகு கைபேசியில் மூன்று வீடியோ பார்த்து நிபுணியானேன்.)

இருவரையும் வரவழைப்பது சுலபமாக இருந்தது. எங்கள் ஊரில் சீட்டாடுகிற யாரிடமும் "ஒரு கை குறையறது" என்று சொன்னால் போதும், சாப்பாட்டில் பாதியில் எழுந்து வருவார்கள். பாலு மாமாவிடம் அதைத்தான் சொன்னேன். அப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன். குறைகிற கை இன்னொருவருடையது என்று இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

புதுச் சீட்டுக்கட்டு வாங்கக் கிழக்கேகோட்டைக்குக் கிளம்பினேன். "வீட்டுல ஒரு டப்பா நெறைய சீட்டு கெடக்கு, எதுக்குக் காசைக் கரியாக்கறே?" என்று அம்மா தடுத்தாள். நியாயமாகப் பட்டது. அப்பாவின் டப்பாவில் ஐம்பத்தாறுக்கான பெரிய சீட்டுகள் ஒரு குவியலாகவும், கழித்த சின்னச் சீட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டும் இருந்தன. எல்லாவற்றிலும் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில் ஒன்றை எடுத்து ஒரு முழுக் கட்டு சேர்க்க வேண்டும். ஆபீஸ் மீட்டிங் ஒன்றில் காதைக் கொடுத்துக்கொண்டே சேர்த்தேன். எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு சரியாக இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கும் ஆள் நான்.

சாயங்காலம் அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். பாலு மாமா உள்ளே வந்து, பார்த்து, திரும்பப் போகப் பார்த்தார். அதற்குள் அம்மா வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு வழியை மறித்துவிட்டாள். பழக்கதோஷத்தில் அவர் அப்பாவுக்கு நேரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரெதிரே என்றால் கூட்டு அல்லவா? அது உறைத்ததும் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்து, ஆளுக்கு ஒரு நாற்காலி வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்தார்கள். மறுபடி எதிரெதிரே. இன்னொரு முறை எழுவது கௌரவக் குறைச்சல் என்று இரண்டு பேரும் அப்படியே இருந்துவிட்டார்கள்.

நான்காவது ஆள் என் கணவர் கணேஷ். திருநெல்வேலிக்காரர். ஐம்பத்தாறும் தெரியாது, போக்கரும் தெரியாது, ஆனால் கைபேசியில் விதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். பந்தயத்துக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் முந்திரிப்பருப்பு. நீதிபதி அதில் பாதியை ஆட்டம் தொடங்குமுன்பே தின்றிருந்தார்.

"எனக்குக் கூட்டு ஆரு?" என்றார் அப்பா.

"யாரும் கிடையாதுப்பா. இதுல எல்லாரும் தனித்தனி."

"பின்ன ஜெயிச்சா ஆரோட சிரிக்கறது?"

நான் சீட்டைக் கலைத்தேன்.

முதல் கையிலேயே வலப்பக்கமாகப் போட்டேன். நம் பக்கத்தில் சீட்டு வலமாகத்தான் போகும், என் கைக்கு வேறு தெரியாது. "இடதுபக்கமாப் போடணும்னு இருக்கு" என்றார் கணேஷ். வாங்கிக் கலைத்து இடமாகப் போட்டேன். ஆனால் ஆளுக்கு இரண்டு போடாமல் நாலு நாலாகப் போட்டேன், அதுவும் கையின் பழக்கம். மறுபடி வாங்கினேன். மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்தபோது மேலே மின்விசிறி என் பதற்றத்தைப் புரிந்துகொண்டு பாலு மாமாவின் சீட்டைப் புரட்டிப் போட்டது.

"என் சீட்டை எல்லாரும் பாத்தாச்சு" என்றார் பாலு மாமா கூரையைப் பார்த்து.

"திறந்த சீட்டுக்கு வேற சீட்டு குடுக்கலாமாம்" என்று நீதிபதி படித்தார்.

"நான் பாக்கலைன்னு அந்தாள்ட்டச் சொல்லு" என்றார் அப்பா என்னிடம்.

"பாத்தாலும் சமயத்துக்கு உபயோகப்படுத்தத் தெரியாதுன்னு அவன்கிட்டச் சொல்லு" என்றார் பாலு மாமா, அவரும் என்னிடமே.

நான் இரண்டையும் சொல்லவில்லை. விசிறியை நிறுத்தினேன். புழுக்கத்தில் நால்வரும் வேர்த்து ஒழுகினோம். பஜ்ஜி எண்ணெய்க் கையோடு போட்டதில் இரண்டு சீட்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டு போக, அப்பாவுக்கு ஒரு சீட்டு அதிகமானது. மறுபடி வாங்கினேன். ஒவ்வொரு தவறுக்கும் கணேஷ் ஒரு விதி படிக்க, ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பெரியவர்களும் என் வழியாக ஆட்சேபம் தெரிவித்தார்கள். இதற்கு நடுவில் ராஜாவும் ராணியும் குலானைவிடப் பெரியவர்கள் என்று நான் விளக்க வேண்டியிருந்தது.

"குலானுக்கு மேல ராணியா?" என்று பாலு மாமா பஜ்ஜியைக் கீழே வைத்தார். "இதெந்து நியாயம்? ஆரு சம்மதிச்சது?"

அப்பாவின் தலை ஆமோதித்து ஆடியதை நான் பார்த்தேன். சரி, வேலை நடக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியில் ஒரு கை ஒழுங்காக விழுந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பொதுச் சீட்டில் ஒரு கிளாவர் குலான் வந்தது. அப்பா முந்திரியை நகர்த்தினார். பாலு மாமாவும் நகர்த்தினார். அப்பா இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். நானும் கணேஷும் விலகிக்கொண்டோம். இருவரும் கிண்ணத்தையே மேஜை நடுவில் கவிழ்த்தார்கள். கையில் குலான் இருக்கிறவன் பின்வாங்குவது எங்கள் ஊரில் இல்லை என்பது எனக்கு அப்போது நினைவில்லை.

"காட்டுங்கோ" என்றேன்.

அப்பா காட்டினார். ஆட்டின் குலான்.

பாலு மாமா காட்டினார். ஆட்டின் குலான்.

ஒரே கட்டில் ஒரே சீட்டு இரண்டு. கணேஷ் விதிகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இதற்கு விதியில்லை போலிருந்தது.

பாலு மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அத்தனை நாளில் முதல்தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எடா கிச்சா, அன்னிக்கு இருந்ததை ஒளிச்சே. இன்னிக்கு இல்லாததைக் கொண்டு வந்திருக்கியா?"

"பாலு, வார்த்தையை அளந்து பேசு. நான் என் வீட்டுல இருக்கேன். வெளியிலேருந்து வந்தது நீயாக்கும். சட்டைப் பையைக் காட்டு."

பாலு மாமா பையைத் தலைகீழாக்கிக் காட்டினார். ஒரு கண்ணாடிக் கூடும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன. அப்பாவும் வேட்டி மடிப்பை உதறிக் காட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாலு மாமா இனி இந்த வாரமே பெங்களூர் போய்விடுவார், நானே டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது என்று நினைத்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

அப்பா இரண்டு சீட்டையும் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். ஒன்றின் ஓரத்தில் மடிப்பு இருந்தது. அதை விரலால் நீவிவிட்டார்.

"பாலு, இங்க பாரு. இது நம்ம கட்டு."

பாலு மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பா பக்கம் வந்து குனிந்தார். "ஆமாண்டா. நான் மடிச்ச மடிப்பு. நம்ம ஐம்பத்தாறு கட்டாக்கும்."

இரண்டு தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின.

"இதை ஆரு பிரிச்சது?" என்றார் அப்பா.

அடுத்த சில நிமிஷங்கள் என் வாழ்க்கையில் மறக்க முடியாதவை. இரண்டு பேரும் ஒரே பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சீட்டுகளை ஜாதி ஜாதியாகப் பிரித்து அடுக்கினார்கள். ஆட்டின் குலான் இரண்டு, ஆட்டின் ராணி இல்லவே இல்லை. அதனால்தான் என் எண்ணிக்கை அத்தனை அழகாகச் சரிவந்திருக்கிறது.

"இவளை எஞ்சினீயரிங் படிக்க வெச்சியே, கிச்சா" என்றார் பாலு மாமா வருத்தத்தோடு.

"மெரிட் சீட்டுடா" என்றார் அப்பா, அதைவிட வருத்தத்தோடு.

வலமாகப் போட்டது, நாலு நாலாகப் போட்டது, எண்ணெய்க் கை, எல்லாவற்றையும் ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுத்துத் திட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். தீர்ப்பை இருவரும் கலந்து பேசிச் சொன்னார்கள். அம்மா கொல்லையிலிருந்து கிளிப் கொண்டுவந்தாள். காதுக்கு இரண்டு. நீதிபதி போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார்.

பிறகு அப்பா டப்பாவிலிருந்த சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். சின்னச் சீட்டுகள் போயின, சீட்டு வலமாக விழுந்தது, எதிரெதிரே அவர்கள் கூட்டு, இந்தப் பக்கம் நானும் கணேஷும். படுதோல்வி. காதில் இடமில்லாததால் எனக்குப் புதிதாகக் கிளிப் விழவில்லை, கணேஷுக்கு விழுந்தது.

பாலு மாமா பெங்களூர் போனார், பேத்தியைப் பார்த்துவிட்டுப் பத்தே நாளில் திரும்பிவிட்டார். மகன் காரணம் கேட்டதற்கு, "கிச்சாவுக்கு ஒரு கை குறையறது" என்றாராம். ராஜம் மாமி என் தாடையைப் பிடித்து, "என்ன புத்திடீ உனக்கு, வேணும்னே ரெண்டு குலானை வெச்சியா?" என்றாள். இல்லை மாமி, சத்தியமாக முட்டாள்தனம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவும் அப்படித்தான் தெருவில் சொல்லிவைத்திருக்கிறாள்.

அது முட்டாள்தனம்தான் என்று விடாமல் சொல்கிறவர்கள் அப்பாவும் பாலு மாமாவும் மட்டும்தான். அவர்கள் இப்போதும் வாரத்தில் நாலு நாள் சபாவில் ஆடுகிறார்கள். இப்போதும் தோற்கிறார்கள். அப்பா இப்போதும் குலானை இறக்குவதற்கு நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் தோற்றால் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. போன வாரம் ஆபீஸில் பெரிய மீட்டிங் நடுவே கைபேசி அதிர்ந்தது. அப்பாவின் செய்தி.

"இன்னிக்கும் தோத்தோம். நீ அன்னிக்குக் கட்டைக் குழப்பினதுலேருந்து சீட்டே சரியா விழல. பாலுவும் அதேதான் சொல்றான்."

மேஜைக்கடியில் கைபேசியை வைத்துக்கொண்டு, வழக்கம்போல், "மன்னிச்சுக்கோங்கோப்பா, என் தப்புதான்" என்று பதில் அனுப்பினேன். உடனே ஒரு படம் வந்தது. இரண்டு பேரும் காதில் கிளிப்போடு தோளில் தோள் இடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.