விருந்து வழங்கிக் கலம்

சரவணைக் கிராமம்.

அன்புள்ள மச்சான் தம்பிஐயா காண்க,

அம்மன் அருளால் நானும் உமது அக்காவும் சுகம். உமது முழங்கால் நோவு அங்கே கனடாவில் பனி கொட்ட முன்னரே இறங்கிவிடும் என்று நம்புகிறேன்.

எங்கள் பவதாரணி ஆய்வுப் பட்டம் பெற்றுக் கலாநிதியாகிவிட்டாள். உமது பக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை என்பதை நான் இங்கே குறிப்பிட விரும்பவில்லை. ஆய்வின் தலைப்பைத் தொலைபேசியில் சொன்னாள்: ‘விருந்து வழங்கிக் கலத்தினுள் பற்றீரியா புகுதலும் பிழைத்தலும்.’ எனக்கு உடனே விளங்கிவிட்டது. பற்றீரியா என்றால் கிருமி. விருந்து வழங்குகிற கலம் வேறென்ன, கோயில் மடத்து அன்னதானக் கிடாரம்தானே. பிள்ளை ஊருக்காகப் படித்திருக்கிறாள் என்று நெஞ்சு நிறைந்து, அன்றே மடத்துக்குப் போய், கிடாரங்களைக் கவிழ்க்கச் சொல்லி, கொதிநீர் ஊற்றச் சொல்லி, கலாநிதியின் தகப்பன் என்ற முறையில் நாளாந்தம் மேற்பார்வை செய்து, போனவன் வெறும் வயிற்றோடு திரும்பக்கூடாதென்று மத்தியானச் சோற்றையும் அங்கேயே முடித்து வந்தேன். மடத்துச் சமையலுக்குப் பொறுப்பான சீதேவிக்கு இது பிடிக்கவில்லை. தன் கிடாரத்தில் கிருமி என்று எழுதிப் பட்டம் வாங்கினவளின் பாராட்டு விழாவுக்கு ஒரு பிடி சோறும் அவிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். விழா என்று நான் ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. சோறில்லாமல் விழா வைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு வீட்டுப் படலை தாண்டித் தெருவில் இறங்குவது?

பவதாரணி வந்து இறங்கினாள், கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள், என்னையும் இழுத்துக்கொண்டு மடத்துக் குசினிக்குப் போனாள். கலம் என்பது உடம்பைக் கட்டியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறையாம். விருந்து வழங்கி என்பது கிருமிக்கு இடங்கொடுக்கிற நாங்களாம். சில கிருமிகள் கதவை உடைப்பதில்லையாம். கலத்தை ஏய்த்து, தம்மை உள்ளே எடுக்க வைக்குமாம். விழுங்கின கலம் செரிக்கப் பார்க்க, கிருமி அந்தச் செரிக்கிற சாற்றை மறித்துவிட்டு, அங்கேயே தின்று பெருகுமாம். என் பிள்ளை விளங்கப்படுத்தின வடிவை நீர் பார்த்திருக்க வேணும், தம்பிஐயா. எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

சீதேவி அடுப்பைத் தணிச்சுப்போட்டு வடிவாக் கேட்டவ. “அப்ப பிள்ளை, கூப்பிட்ட வீட்டில இருந்து திண்டுகொண்டு எழும்பாத ஆள். எங்கட மடத்திலயும் ஒண்டு இருக்கு” எண்டா. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தவை. கலாநிதியின் தகப்பன் எண்ட மரியாதைதான்.

விழா வலு சிறப்பு. சீதேவியே சமைச்சு, முதல் இலையைப் பிள்ளைக்குப் போட்டவ. பிள்ளை பேசேக்க, “என்ர அப்பாவுக்கு என்ர ஆராய்ச்சி விளங்கேல்லை. ஆனால் அவரைப்போல அதைக் கொண்டாடினவை ஒருத்தரும் இல்லை” எண்டாள். சனம் கைதட்டினது இன்னும் காதுக்குள்ள கிடக்கு.

ஆகவே, கனடாவுக்கு வந்து நில்லும் எண்டு நீர் ஒவ்வொரு முறையும் கூப்பிடுறது சந்தோசம். ஆனால் இந்தப் பெருமையை விட்டிட்டு என்னால் அசைய ஏலாது.

உமது பிள்ளைகளுக்கும் படிப்பு ஏற அம்மனை வேண்டிக்கொள்ளும்,
உமது அத்தான்
அம்பலவாணர்,
கலாநிதி பவதாரணியின் தகப்பன்.

பின்குறிப்பு: கனடா விசா இன்று வந்துவிட்டது, ஆறு மாதத்துக்கு. மடத்தில் இப்போது என்னைக் கண்டால் குசினிக் கதவைச் சாத்துகிறார்கள். நான் கதவை உடைத்து வருகிற ஆள் இல்லை என்று உமக்குத் தெரியும். நீர்தான் கூப்பிட்டனீர்.