இஸ்திரி அண்ணாச்சி பார்த்த கதை

இந்தியாவிலேயே அதிக சீரியல் பார்த்த மனிதர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், பம்பாயில் எங்கள் செம்பூர் பில்டிங்கின் இஸ்திரி அண்ணாச்சி என்று. ஒரு சீரியலைக்கூட பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்காத மனிதர் யார் என்று கேட்டாலும் எனக்கு அதே பதில்தான்.

எங்கள் பில்டிங்கில் நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு கரி இஸ்திரிப்பெட்டி, அதன் பின்னால் அண்ணாச்சி. தென்காசிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் மாடிப்படிக்கு வந்து, அதோடு நின்றுவிட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலெல்லாம் தேய்ப்பார். சாயங்காலம் ஆறரை ஆனதும் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறுவார். அந்த நேரத்தில் எந்த வீட்டில் டி.வி. ஓடாமல் இருக்கும்? தேய்த்த துணியை வாங்கிக்கொண்டு, மறுநாள் துணியை எடுத்துவர உள்ளே போகும் அம்மாக்கள் திரும்பி வருவதற்கு ஏழெட்டு நிமிஷம் ஆகும். அதுவரை அண்ணாச்சி வாசல்படியில் நின்று டி.வி. பார்ப்பார். உள்ளே வந்து உட்காரச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார், அடுத்த வீட்டில் அடுத்த கதை காத்திருக்கிறதே.

எங்கள் பில்டிங்கில் தமிழ் வீடுகள் பாதி, மற்றவை மராத்தி, குஜராத்தி. டி.வி.யும் அந்தந்த பாஷைதான் பேசும். அண்ணாச்சிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நாலாவது மாடியில் தமிழ் மருமகள் கிணற்றில் விழுந்தால், மூன்றாவது மாடியில் மராத்தி போலீஸ் தேடும், இரண்டாவது மாடியில் குஜராத்திக் குடும்பம் பார்க்கும் ஹிந்தி சீரியலில் பன்னிரண்டு பேர் கூடி அழுவார்கள். எல்லாம் ஒரே கதை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

“பாஷதான் மாறுது தம்பி, மாமியாக்காரி ஒருத்திதான்,” என்பார் என்னிடம்.

ஒரே நடிகை இரண்டு சீரியலில் நடித்துவிட்டால் போச்சு. “ஏழு மணிக்கு ஒருத்தனுக்குக் காப்பி போட்டுக் குடுக்கா. எட்டு மணிக்கு இன்னொருத்தன் கால அமுக்குதா. கேக்க நாதியில்ல!” என்று இரண்டு நாள் கொதித்தார். 402-இல் இருக்கும் காலேஜ் பெண் கொரிய நாடகம் பார்ப்பாள். அதைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. “பாவம், அந்தப் பிள்ளைக்கு மூணு வேளையும் சேமியாதான். ஒரு நா சோறு போட்டாத்தான் என்னவாம்?”

ஒருமுறை நாங்கள் நாலு பேர் சேர்ந்து, மனுஷன் ஒரு படத்தையாவது முழுசாகப் பார்க்கட்டும் என்று காட்கோபரில் ஒரு மாலுக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஐந்து தியேட்டர் பக்கம் பக்கமாக. படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அண்ணாச்சியைக் காணவில்லை. பாத்ரூம் போயிருப்பார் என்று இருந்துவிட்டோம். படம் முடிந்து வெளியே வந்தால், கடைசித் தியேட்டர் வாசலிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறார். ஐந்து கதவுக்குள்ளும் புகுந்து வந்திருக்கிறார்.

“அருமையான படம் தம்பி. ஹீரோ நடுவுல வெள்ளக்காரனாயி, பொறவு கரடியாயி, கடைசில நம்மாளா வந்து சேந்துட்டான். எடுத்தா இப்பிடி எடுக்கணும்.”

இப்படிப்பட்டவரிடம் போய்க் கதை கேட்பார்களா என்று நீங்கள் நினைக்கலாம். பில்டிங்கே கேட்டது. ரயில் லேட்டாகி எபிசோடைத் தவறவிட்டவர்கள், வீடு திரும்பும்போது மாடிப்படியிலேயே நின்று, “அண்ணாச்சி, 204-இல் நேத்து என்ன ஆச்சு?” என்பார்கள். சீரியலின் பேரெல்லாம் அவருக்குத் தெரியாது, எந்த வீட்டில் பார்த்தாரோ அந்த வீட்டு நம்பர்தான் பேர். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, உண்மையான சீரியலைவிட நன்றாகச் சொல்வார். கேட்டவர்கள் குழம்பிப்போய், ஆனால் மிகுந்த திருப்தியோடு மேலே ஏறுவார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். முதல் மாடி 103-இல் நானும் அம்மாவும் மட்டும். எனக்கு முப்பத்து நாலு வயது. மருந்துக் கம்பெனி குடோனில் வேலை. அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து வாக்கர் வைத்துத்தான் நடக்கிறாள். பெண் பார்க்கப் போன இடமெல்லாம் முதலில் என் சம்பளத்தைக் கேட்பார்கள், பிறகு அம்மாவின் இடுப்பைக் கேட்பார்கள், பிறகு காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பதினோரு காப்பி குடித்திருக்கிறேன்.

பன்னிரண்டாவது காப்பி முலுண்டில். பெண் பெயர் கோமதி. அவள் ஒருத்திதான் என்னிடம் “அம்மாவுக்கு இப்ப வலி எப்படி இருக்கு?” என்று கேட்டாள். மற்றவர்கள் எல்லாம் “எப்ப சரியாகும்?” என்றுதான் கேட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது குர்லாவில் இறங்கி வண்டி மாற மறந்து தாதர் வரை போய்விட்டேன். இது நடக்காவிட்டால் இனிமேல் காப்பியே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது நம் வழக்கம். பம்பாயில் யாரிடம் விசாரிப்பது? பக்கத்து வீட்டுக்காரனுக்கு நம் பேரே தெரியாது. ஆகவே விவரமானவர்கள் இஸ்திரிக்காரரிடம்தான் கேட்பார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன உடுத்துகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்? கோமதியின் அப்பா பாங்கில் ரிடையர் ஆனவர், விவரமானவர். ஒரு வியாழக்கிழமை வந்து மாடிப்படி அருகே நின்று குரலைத் தாழ்த்தி, “103-இல் நிலவரம் எப்படிங்க?” என்று கேட்டிருக்கிறார்.

103-இல் அம்மா பார்ப்பது ஏழரை மணி சீரியல். யாரோ நாலு எபிசோடைத் தவறவிட்ட ரசிகர் என்று நினைத்த அண்ணாச்சி, பெட்டியை ஓரமாக வைத்தார்.

“அத ஏன் கேக்கிய! அந்தப் பையனுக்கு ஏற்கெனவே ரெண்டு சம்சாரம். தல அடிபட்டதுல ரெண்டு தாலி கட்டுனதும் மறந்துபோச்சு. இப்ப மூணாவது ஒருத்தியப் பாக்கான்.”

“அவங்கம்மா?”

“அந்தம்மாதான் எல்லாத்துக்கும் காரணம். நடக்க முடியாத மாதிரி நடிக்கா. வீட்ல ஆளில்லன்னா எந்திரிச்சு டக்கு டக்குன்னு நடக்கா. ரெண்டாவது மருமவளுக்குப் பால்ல மருந்து கலந்தது யாருங்கிய?”

“போலீசுக்குத் தெரியாதா?”

“போலீஸ் மூணாவது மாடில தேடிக்கிட்டிருக்கு. இங்க இன்னும் வரல.”

மறுநாள் காலை கல்யாணத் தரகர் போன் செய்தார். “ஏம்ப்பா, உனக்கு ரெண்டு சம்சாரமா? என்கிட்டகூட சொல்லலியே!” எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் வாக்கரைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்து, “எய்யா, எனக்குத் தெரியாம எதுவும் பண்ணிட்டியா?” என்றாள். பெற்ற தாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. நீயும்தான் நடக்க முடியாத மாதிரி நடிக்கிறாயாம் என்று தரகர் சொன்னதையும் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. “இது என் சீரியல்லா!” என்றாள்.

கீழே ஓடினேன். அண்ணாச்சி என் சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து யாராவது வந்தாங்களா அண்ணாச்சி?”

“ஆமா தம்பி, வயசான மனுஷன். 103 கதையக் கேட்டாரு. சொன்னேன். அப்பிடியே முகம் வெளுத்துப்போச்சு அவருக்கு. அந்த மாதிரி ரசிகன நான் பாத்ததில்ல.”

அவர் யார் என்று சொன்னேன். அண்ணாச்சி அப்படியே நின்றார். பெட்டியும் அப்படியே நின்றது. எத்தனையோ வருஷத்தில் அவர் பொசுக்கிய ஒரே சட்டை என்னுடையதுதான். எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், பொசுங்கிய சட்டையையும் எடுக்காமல், வேலைக்குப் போய்விட்டேன். கோமதியின் அப்பாவுக்கு ஏழு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால் மேஜை காலி. மழை வெள்ளத்தில்கூட முழங்கால் தண்ணீரில் நின்று தேய்த்தவர் கடையை மூடியிருந்தார். பில்டிங் சொஸைட்டி செக்ரட்டரி தன் வெள்ளைச் சட்டையைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அதைப் போட்டுக்கொண்டு முலுண்டுக்குப் போயிருந்தார். தரகரிடம் விலாசம் வாங்கியிருக்கிறார். அங்கே நடந்ததைக் கோமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. கோமதியின் அம்மா பார்ப்பதும் அதே சீரியல். வாசல்படியில் நின்ற அண்ணாச்சி டி.வி.யைக் காட்டிக் கத்தினார்.

“அந்தா! அவன்தான் சார் ரெண்டு பொண்டாட்டிக்காரன்! அந்தா நடக்கா பாருங்க, கள்ளி!”

கோமதியின் அப்பா டி.வி.யைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். “அப்போ 103-இல் இருக்கிறது யாரு?” என்றார்.

“இவுகதான் சார். ஆனா இவுக இல்ல.”

இதில் மனிதர் இன்னும் குழம்பிவிட்டார். போதாததற்கு கோமதியின் அம்மா நடுவில் புகுந்து, “அவனுக்கு ரெண்டு சம்சாரம் எல்லாம் இல்லீங்க, அந்த ரெண்டாவது பொண்ணு அவனோட சொந்தத் தங்கச்சி,” என்றிருக்கிறார். வந்த வேலையை மறந்துவிட்டு அண்ணாச்சி அவரோடு வாதாட ஆரம்பித்தார். “தங்கச்சியா? தங்கச்சின்னா எதுக்கும்மா தீ மிதிச்சா?” “அது வேற சீரியல்ங்க!” “வேறன்னா எப்பிடி வேற?” ஒரு விளம்பர இடைவேளை முழுக்க இது ஓடியிருக்கிறது.

கோமதியின் அப்பா எழுந்துபோய் டி.வி.யை அணைத்தார். “இதெல்லாம் விடுங்க. நிஜத்துல அந்தப் பையன் எப்படி? அதை மட்டும் சொல்லுங்க.”

டி.வி.யில் வராத ஒன்றைப் பற்றி அண்ணாச்சியை யாரும் அதுவரை எதுவும் கேட்டதில்லை. வாசல்படியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

“எனக்குத் துணி ஒண்ணுதான் சார் தெரியும். அந்தம்மா கீழ விழுந்த பொறவு நாலு மாசம் அந்த வீட்டுச் சேலையெல்லாம் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு வந்துது. பொம்பள பிழிஞ்சா சேல அப்பிடி முறுக்காது. ஆம்பளக் கை. அந்தத் தம்பிதான் தொவச்சிருக்கு. ஒவ்வொண்ணையும் தண்ணி தெளிச்சு நீவி நீவி என் தோள்பட்ட போச்சு. ஒரு நா கேட்டேன், ஏன் தம்பி, ஆள் வச்சுத் தொவைக்கலாம்லான்னு. அம்மா கூச்சப்படுதா அண்ணாச்சின்னான். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் டி.வி.லதான் பாத்தேன்.”

கோமதியின் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எது சீரியல், எது நிஜம் என்று பிரிக்கவே அவரால் முடியவில்லை. “இதுவும் ஏதாவது மாடியில் பார்த்த கதையா இருந்தா?” என்றார்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து கோமதி சொன்னாள்: “அப்பா, எந்த சீரியல்ல ஆம்பள சேலை துவைக்கிறான்? இது நிஜம்தான்.”

கல்யாணம் செம்பூரிலேயே நடந்தது. பக்கத்து ஹாலில் இன்னொரு கல்யாணம். அண்ணாச்சி எங்கள் தாலி கட்டு வரை இருந்துவிட்டு, அங்கே போய்ப் பந்தியில் உட்கார்ந்து, திரும்பி வந்து, “சாப்பாடு அங்க, பொண்ணு இங்க, ரெண்டும் பிரமாதம்,” என்றார். அந்த வீட்டு ஆல்பத்திலும் அவர் கட்டாயம் இருப்பார்.

கோமதி வந்த முதல் வாரமே எங்கள் வீட்டு டி.வி.க்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். ஏழரைக்கு மூட்டையோடு வந்து வாசலில் நின்றவரை, “உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி,” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். பொசுங்கிய சட்டைக்குப் பிறகு நான் அவரிடம் இன்னும் சரியாகப் பேசியிருக்கவில்லை. “உக்காருங்க அண்ணாச்சி,” என்றேன் நானும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து முதல் விளம்பரம் வரை பார்த்தார். அன்றிலிருந்து தினமும் முதல் விளம்பரம் வரை. அம்மா முன்கதையை விளக்கப் போனால் மட்டும் கையைக் காட்டித் தடுத்துவிடுவார். “வேண்டாம்க்கா, எனக்குக் கத தெரியும்.”

போன மாதம் நான் வேலை முடிந்து வரும்போது, நாலாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணி மாடிப்படி அருகே, துணி அதிகமாகி அன்று இன்னும் மேலே ஏறாத அண்ணாச்சியிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தார். நான் பில்டிங் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“103-ல ஒரு கத ஓடுதும்மா. நல்ல பையன், தாயாருக்கு முடியல. கல்யாணம் கூடி வார நேரத்துல ஒரு இஸ்திரிக்காரன் வாயக் குடுத்துக் கெடுத்துப்புட்டான். வில்லன்னா அப்பிடி ஒரு வில்லன்!”

“அய்யோ, அப்புறம்?”

“பொறவு அவனே போயி சேத்து வச்சான்.”

“அந்த இஸ்திரிக்காரன் என்ன ஆனான்?”

அண்ணாச்சி ஒரு சட்டையின் காலரை இரண்டு தடவை மடித்தார். “அவனுக்குன்னு யாருமில்ல. அந்த வீட்ல ஏழரைக்கு அவன உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருக்காவ.”

அதை அவர் தெரிந்துதான் சொன்னாரா, இல்லை ஏதோ ஒரு மாடியில் பார்த்ததாகவே நினைக்கிறாரா, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. திருத்தவும் மனசு வரவில்லை. மணி ஏழே கால் ஆகியிருந்தது. அவர் கண்ணில் படாமல் படியேறிப் போய், நாற்காலியை டி.வி.க்கு எதிரில் இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தேன்.