மாப்பிள்ளையின் மாவுக்கட்டு

பெண் வீட்டார் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்தபோது, சிவபாலனின் வலது கை முழங்கை வரைக்கும் ஒரு ராக்கெட்டின் மேலுறைக்குள் இருந்தது.

போன மாதம் திருவேட்டக்குடி கடற்கரையில் அவன் விட்ட அட்டை ராக்கெட் பாதி உயரத்தில் இடுப்பு ஒடிந்து விழுந்தது. அதனால் அடுத்த ராக்கெட்டைப் பெரிதாகச் செய்து, அட்டைக் குழாய்க்கு மேல் கண்ணாடி நாரில் பின்னிய வெள்ளை உறையை ரெசின் பசையில் நனைத்து மாட்டி இறுக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். அந்த உறை நீளமான காலுறை மாதிரி இருக்கும். தள்ளினால் விரியும், இழுத்தால் இறுகும். நனைத்த உறையை மாட்டுவதற்கு முன் உள்ளே விழுந்த சுருக்கத்தை நீவலாமென்று ரப்பர் கையுறையோடு கையை விட்டவன், போன் அடித்த பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்தான்.

தள்ளு, தள்ளு என்று அவன் கத்த, அம்மா செல்லமும் சேர்ந்து பிடித்து இழுத்தாள். பெற்ற பாசம். அவசரத்துக்கு, பசையை இறுக வைக்கும் ஹார்டனரைக் கூடுதலாகக் கலந்திருந்ததால், காரைக்கால் வெயிலில் ரெசின் சீக்கிரமே இறுகிவிட்டது. தட்டினால் டொக் என்றது.

முன்பு வந்த இரண்டு சம்பந்தமும், வாணம் விடுகிற பையனுக்கா பெண் கொடுப்பது என்றுதான் கைவிட்டுப் போயின. இந்தப் பெண் பாரதிப்ரியாவின் போட்டோ வந்ததிலிருந்து சிவபாலனுக்குச் சோறு இறங்கவில்லை. இவளும் போய்விட்டால் தாங்கமாட்டான்.

செல்லம் ராக்கெட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மகனின் கையைத் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். "மாவுக்கட்டுன்னு சொல்லிக்கலாம். நீ வாயத் தொறக்காத."

பெண்ணின் அப்பா அமிர்தலிங்கமும் சித்தி மதிவதனியும் வந்து உட்கார்ந்தார்கள். பையன் ஞாயிற்றுக்கிழமை பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் என்றாள் செல்லம். மதிவதனி காரைக்கால் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். தரகர் இதைச் சொல்லாமல் விட்டது பச்சைத் துரோகம்.

"எங்க வார்டுக்கு வரவே இல்லையே?" என்றாள் மதிவதனி.

நாகப்பட்டினத்தில் கட்டுப் போட்டதாகச் செல்லம் சொன்னாள். அங்கே ஏன் என்றார்கள். அங்கேதான் விழுந்தான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன வேலை என்றார் அமிர்தலிங்கம். சரக்கு மலிவென்று குடிப்பதற்கு நாகப்பட்டினத்துக்காரன்தான் காரைக்காலுக்கு வருவான். காரைக்கால்காரன் அங்கே போய் விழுந்தால் எந்தத் தகப்பனும் யோசிக்கத்தான் செய்வார். குடியெல்லாம் இல்லை, லேசான தலைசுற்றல்தான் என்று செல்லம் திருத்தினாள். எத்தனை நாளாக என்று மதிவதனி உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சிவபாலன் இடது கையால் காப்பியை எடுத்து வேட்டியில் கொட்டிக்கொண்டான்.

அமிர்தலிங்கம் பேச்சை மாற்றினார். "லீவு நாள்ல தம்பி என்ன செய்வாரு?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. ஆபீஸ் விட்டா வீடு, வீடு விட்டா ஆபீஸ்," என்றாள் செல்லம் பெருமையாக.

"வேற எதுலயுமே இஷ்டம் கிடையாதா தம்பி?"

"கிடையாதுங்க," என்றான் சிவபாலன், கட்டிலைப் பார்க்காமல்.

அமிர்தலிங்கத்தின் முகம் தொங்கிப்போனது. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார். அப்படிச் சொல்லிவிட்டு எழுந்தவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்தப் பாழாய்ப்போன கைதான் கெடுத்தது என்று சிவபாலனுக்கு அழுகையே வந்தது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மதிவதனிக்கு மனசு கேட்கவில்லை.

"கை கெடக்குது தம்பி, கூடிரும். ராக்கெட் விடுற மாப்பிள்ளைன்னு அந்தத் தரகரு புளுகிட்டாரு. அதுக்காகத்தான் எங்க பாரதி சரின்னே சொல்லுச்சு."