கேமராவைப் பார்க்காத ஆள்

குமாரபாளையம் வட்டாரத்தில் ஒரே மாப்பிள்ளையை ஒரே பெண்ணுக்கு ஒரே முகூர்த்தத்தில் மூன்று முறை தாலி கட்டவைத்த பெருமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. கல்யாணங்களில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் பிடிக்கும் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் 'ஒன்மோர்'.

எதை எடுத்தாலும் "ஒன் மோருங்க" என்பார். மூன்றாவது தாலிக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தபோதும் மனிதர் அசரவில்லை. "மாமா, அப்படியே இன்னொருக்கா எந்திரிங்க. லைட்டு நல்லா இருக்குதுங்க" என்றார்.

இவ்வளவும் தெரிந்தே என் தங்கை கல்யாணத்துக்கும் அவரைத்தான் பிடித்தோம். ட்ரோனிலிருந்து ரோஜா இதழ் தூவுகிறேன் என்றார். தூவினார். அத்தனையும் காற்றில் போய் எதிர் மண்டபத்து வாசலில் நின்ற ஜோடியின் தலையில் விழுந்தது. எங்கள் பங்குக்குச் சத்தம் மட்டும் கிடைத்தது. அதில் நாதஸ்வரக்காரர் மிரண்டு பாதியில் நிறுத்திவிட்டார்.

இந்த ஆளைத்தான் காவிரியில் வெள்ளம் வந்த அன்று நம்ப வேண்டியிருந்தது.

தண்ணீர் கரையோர வீதிகளுக்குள் புகுந்துவிட்டது. ஆற்றோரத் தோட்டத்தில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் போன மச்சான், அதாவது என் தங்கை வீட்டுக்காரர், திரும்பவில்லை. போனும் போகவில்லை. தீயணைப்பு அதிகாரியிடம் ரப்பர் படகு இருந்தது. அதை எந்தப் பக்கம் விடுவது என்றுதான் தெரியவில்லை. கரும்பும் மூங்கிலும் தண்ணீருமாக ஒரே காடாகக் கிடந்தது. அவர்களுடைய ட்ரோன் சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

"இங்க யார்கிட்டயாச்சும் ட்ரோன் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். கூட்டம் மொத்தமும் ஒன்மோரைத் திரும்பிப் பார்த்தது.

ட்ரோன் மேலே ஏறியதும் நடந்த முதல் காரியம், பாடுபட்டு மேட்டுக்கு அனுப்பிய ஜனங்கள் அதைப் பார்ப்பதற்கென்றே மறுபடி கரைக்கு வந்தது. போலீஸ்காரர்களுக்கு வெள்ளத்தைவிட இவர்களை விரட்டுவது பெரும்பாடாகிவிட்டது. அடுத்த காரியம் இன்னும் மோசம். மொட்டை மாடிகளில் சிக்கியிருந்தவர்கள் ட்ரோனைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள். ஒரு பெண்மணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையை முன்னால் இழுத்து நிறுத்தினார். எல்லாம் கல்யாண வீட்டுப் பழக்கம். யார் உதவிக்குக் கையாட்டுகிறார்கள், யார் படத்துக்குக் கையாட்டுகிறார்கள் என்று புரியாமல் அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஒன்மோருக்கோ வேறு கவலை. "எல்லாரும் நல்லாப் பாக்கறாங்க சார். அந்தப் புளியமரத்து ஆளு மட்டும் கேமராவப் பாக்கவே மாட்டேங்கறாருங்க" என்று சலித்துக்கொண்டார்.

"எந்த மரம்? கிட்டப் போங்க."

கிளையின் மேல் ஒருவர். ஒரு கையால் மரத்தைப் பிடித்திருந்தார். மறு கையில் ஆட்டுக்குட்டி. கையாட்ட அவருக்கு மூன்றாவது கை இல்லை. திரையை எட்டிப் பார்த்த என் தங்கை, "எங்க ஊட்டுக்காரருங்க" என்று சொல்லிவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முகம் நன்றாகத் தெரியட்டும் என்று ஒன்மோர் ட்ரோனை இன்னும் இறக்கினார். சத்தத்தில் குட்டி திமிறியது. மச்சானுக்குக் கால் வழுக்கியது. "மேல தூக்குங்க. ஆடு மிரண்டா ஆளும் போயிருவாரு" என்று அதிகாரி அதட்டினார். ஒன்மோர் தூக்கினார்.

படகு புறப்பட்டது. மூங்கிலுக்குள் நுழைந்த பிறகு படகுக்காரர்களுக்கு மரம் தெரியவில்லை. மேலே நிற்கும் ட்ரோன்தான் அடையாளம். அந்த நேரம் பார்த்து ரிமோட் கத்த ஆரம்பித்தது.

"பேட்டரி தீருதுங்க. இப்பத் திருப்புனா வந்து சேந்துரும்" என்றார் ஒன்மோர். ட்ரோனில் ஒரு தென்னங்கீற்று உரசினாலே அன்றைக்குச் சாப்பிடாத மனிதர். அதை வைத்துத்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. திருப்பினால் படகு வழி தவறும். அவர் கீழே உட்கார்ந்திருந்த என் தங்கையை ஒருமுறை பார்த்தார். திருப்பவில்லை.

"மரத்துக்கிட்டப் படகு வருதுங்க. வந்துருச்சுங்க." அதற்குள் திரை கறுத்துவிட்டது; ட்ரோன் வெள்ளத்தோடு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அதிகாரியின் வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. ஆள் கிடைத்துவிட்டார். குட்டியும்தான்.

எல்லோரும் தங்கையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒன்மோர் மட்டும் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைசில ஒருக்கா நிமுந்து கேமராவப் பாத்தாருங்க" என்றார் என்னிடம்.

அவரிடமிருந்து ரிமோட்டை வாங்கினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் கரையில் கால் வைக்கும்வரை நான் அதை விடவில்லை.