பஸ்ஸேறிய முனி

முதலமடைக்கு மோட்டார் பஸ் வந்த வருஷமே முனியும் அதில் ஏறக் கற்றுக்கொண்டது. டிக்கெட் இல்லாமல்தான்.

சந்தையிலிருந்து பொள்ளாச்சிக்குப் புறப்படும் பஸ், சற்றுத் தள்ளி ஒற்றைப் பனையடியில் ஒருமுறை நிற்கும். நின்றதும் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் முன்னால் போய் விழுவார்கள். பிறந்தது முதல் மாட்டு வண்டியில் போனவர்கள் அவர்கள். மாடு, நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வாலை ஆட்டிவிட்டுச் சாவகாசமாக நிற்கும். அதில் யாரும் விழுந்ததில்லை. ஆகவே பஸ்ஸில் விழுந்தால் யாரோ தள்ளியிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. யாரும் இல்லாவிட்டால் அது முனிதானே? நம்மவர்களின் தர்க்கம் எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருக்கும்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் சின்னையன். அதுவரை கோழி விற்றுக்கொண்டிருந்தவன், பனையடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிச் சாமியார் ஆகிவிட்டான். அவன் கணக்கில் முனி ஒன்றல்ல, மூன்று. பஸ் நிற்கும்போது தள்ளுவது முன்தள்ளி. புறப்படும்போது சாய்ப்பது பின்தள்ளி. வளைவில் பக்கத்து ஆளின் மடியில் உட்கார வைப்பது ஓரந்தள்ளி. முன்தள்ளிக்குத் தேங்காய், பின்தள்ளிக்குச் சேவல், ஓரந்தள்ளிக்கு வெல்லம். கொடுத்தவர் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவான். கட்டியும் விழுந்தவர்களிடம், "கட்டாம இருந்திருந்தா பொள்ளாச்சியில போய் உழுந்திருப்பீங்க" என்பான். அவர்களும் உயிர் தப்பியதற்கு இன்னொரு தேங்காய் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் பெரிய பண்ணைக்காரர் விழுந்ததில் முன்பற்கள் போயின. மூன்று முனிக்கும் கயிறு கட்டியிருந்தவர். சின்னையன் கண்ணை உருட்டினான்.

"பஸ்ஸுல ஒரு தாலியறுத்தவ இருந்தாளுங்க. அவ மேல முனிக்கு ஆசைங்க."

அன்று பஸ்ஸில் இருந்த கைம்பெண் நாச்சம்மாள் ஒருத்திதான். இனி அவளை ஏற்றக்கூடாது என்று ஊர் முடிவு செய்தது. முனியின் ஆசைக்குத் தண்டனை அவளுக்கு.

அந்த வாரமே பொள்ளாச்சியிலிருந்து ஆள் வந்தது. அவள் மகளுக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம், கூட இருக்க வேறு பெண் துணை இல்லை. மாட்டு வண்டியில் போனால் பேரன் நடக்கத் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேரலாம். நாச்சம்மாள் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸடிக்கு ஓடி வந்தாள். ஊரே குறுக்கே நின்றது.

"சரிங்க, நான் ஏறலீங்க," என்றாள். "நான் இங்கயே நிக்கறேன். முனியும் எங்கூட நிக்கட்டும். நீங்க எல்லாரும் கயிறு கட்டிட்டு ஏறுங்க, சாமியாரும் ஏறட்டும். பனை வரைக்கும் போய் நில்லுங்க. யாரும் உழுகலீன்னா நான் நடந்தே போயிக்கறேன். இந்தப் பூசணிக்கும் ஒரு கயிறு கட்டி உள்ள வையுங்க."

"பூசணிக்கு எதுக்கு?" என்றான் சின்னையன்.

"அது மேலயும் முனிக்கு ஆசையான்னு பார்த்துக்கலாமுங்க."

ஊர் ஒப்புக்கொண்டது. மறுத்தால் சாமியார்த்தனம் போய்விடும் என்பதால் சின்னையனும் ஏறி, டிரைவர் அருகே எதையும் பிடிக்காமல் நின்றான். டிரைவர் சென்னிமலை பனையைக் கண்டதும் வழக்கம்போல பிரேக்கை மிதித்தான். சின்னையன் முன் கண்ணாடியில் மூக்கைப் பதித்தான். பூசணி உருண்டு வந்து அவன் குதிகாலில் மோதியது. பண்ணைக்காரர் மீதிப் பற்களைக் கையால் பொத்திக்கொண்டார்.

நாச்சம்மாள் பனையடிக்கு நடந்து வந்து சேர்ந்தாள்.

"அங்கிருந்தே கண்ணு வெச்சுட்டா," என்றான் சின்னையன் மூக்கைப் பிடித்தபடி.

"அப்படீங்களா. இப்ப நானே ஏறறேன். எல்லாரும் கயித்தை அறுத்துப் போடுங்க. டிரைவரே, பஸ்ஸைப் பின்னால எடுத்து, இதே பனைக்கு மெதுவா வந்து நிறுத்துங்க."

சென்னிமலை தலையைச் சொறிந்தான். "மெதுவா நிறுத்தினா தேங்காய் வராதுங்களே."

"எந்தத் தேங்காய்?" என்று கேட்டார் பண்ணைக்காரர், பல் போன இடத்தில் காற்று வர.

"தேங்காயில பாதி எனக்குங்க. சேவல்ல மட்டும் சாமியாரு ஒரு காலுதான் தர்றாருங்க," என்றான் சென்னிமலை, வெகுநாள் மனக்குறையோடு.

கயிறுகள் அறுந்தன. நாச்சம்மாள் ஏற, பஸ் பின்னால் போய், மெல்ல வந்து பனையடியில் நின்றது. ஒருவரும் விழவில்லை. பூசணி இருந்த இடத்தில் இருந்தது.

"கோடாலி கழண்டா காம்பைக் கல்லுல குத்தறோம். காம்பு நின்னுடுது, இரும்பு நிக்காம எறங்கி இறுகுது. அதை முனியா எறக்குது? ஓடற பஸ்ஸுல நாமளும் ஓடறோம். பஸ்ஸு பட்டுன்னு நின்னா நாம போயிட்டே இருக்கறோம். அவ்வளவுதானுங்க. வண்டியை எடுங்க, எம் புள்ளை தனியாக் கெடக்கறா," என்றாள் நாச்சம்மாள்.

சின்னையனைப் பனையடியிலேயே இறக்கிவிட்டார்கள். நாச்சம்மாள் குழந்தை பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தாள். போகிற வழியில் பண்ணைக்காரர் மட்டும் அவளிடம் ரகசியமாகக் கேட்டாராம்: "அப்ப மெதுவா நிறுத்தறதுக்கு எந்த முனி, அம்மிணி?"

ஓடுவது தடுக்கும்வரை ஓடும், கிடப்பது தள்ளும்வரை கிடக்கும். கிடக்கிற மூளையைத் தள்ள மட்டும் எந்த முனியும் வராது. அதை அவரவர்தான் தள்ளிக்கொள்ள வேண்டும்.