படத்தில் இருந்த ஆச்சிக்கு என்ன வியாதி?

கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிவிட்ட முட்டாளைத் திருத்தவே முடியாது. நான் அப்படி ஒருத்தி. அறுபத்தொன்பதில் காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்தேன். வகுப்பில் முதல் ஆள். திமிரிலும் முதல் ஆள்.

எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் வினோதமான மனுஷி. கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டில் வேண்டாம் என்று கழித்த ஆளுயரப் படத்தை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து வகுப்பில் மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆச்சியை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த படம். தினமும் ஐந்து நிமிஷம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று, பார்த்ததைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வைரத்தோடு, பட்டுச்சேலை என்று நகைக்கடை விளம்பரம் மாதிரி ஒப்பிப்பார்கள். நான் மட்டும் இமை வீக்கம், உதட்டு நிறம், சதைக்குள் அமுங்கிய வளையல் என்று அடுக்குவேன். (வரைந்தவனுக்குக் கை வரையத் தெரியாமலும் இருந்திருக்கலாம். அதெல்லாம் எனக்கு எங்கே தோன்றியது?)

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தாவும் அப்பாவும் அக்காவும் நாட்டரசன்கோட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்தார்கள். அப்பா தங்கம், வெள்ளி வேலை செய்யும் ஆசாரி. முறுக்குத் தூக்கோடு மாடிப்படி ஏறி வந்த ஆத்தாவை நான் உட்காரக்கூட விடவில்லை. நேராகப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இந்த ஆச்சிக்கு ஒரு வியாதி இருக்கு. என்னன்னு சொல்லு பாப்பம்."

"நல்லாத்தானடி இருக்காக, மகராசி" என்றாள் ஆத்தா, சுவரைப் பிடித்துக்கொண்டு.

"கண்ணுக்குக் கீழ பாரு, எப்படி ஊதியிருக்கு! ஒடம்பு பூராவும் நீர் கோத்திருக்கு. ஒங்களுக்கெல்லாம் இது கண்ணுல படாது."

அக்கா சிரித்தாள். "அப்பா, ஒங்க மக செத்துப்போனவுகளுக்கு வைத்தியம் பாக்குறா!"

கால் மணி நேரம் பேசினேன். ஆத்தா நின்றுகொண்டே கேட்டாள். அப்போது சிஸ்டர் உள்ளே வந்தார். படத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஆத்தாவை உட்கார வைத்தார். குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

"ஆடியில இருந்து இருக்குங்க. பிள்ளைக்குப் பரீட்சை, சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"மெட்டி எங்கே?"

ஆத்தா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"ரெண்டு தரம் பெருசாக்கிக் குடுத்தேங்க. அப்பறமும் இறுக்குதுன்னா. போன மாசம் அறுத்து எடுத்துட்டேன். நான் செஞ்ச அளவுலதான் தப்புன்னு நெனச்சேன்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்மாவை வார்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான்.

சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். மாசி பிறக்கும் முன்பே ஆத்தா போய்விட்டாள். "உன் தப்பு இல்லை" என்று ஆறுதல் சொன்னவர்கள் மீது எனக்கு இன்றுவரை எரிச்சல்தான். அவர்கள் என்னைப் பார்க்க வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், தீபாவளிக்கு நாலு நாள் வீட்டில் கிடந்தேன். எனக்குப் பலகாரம் கொண்டுவந்து வைத்தவள் அவள். அந்தக் கால்களால்தான் நடந்து வந்தாள்.

காரியம் முடிந்த அன்று, சொந்தக்காரர்கள் நடுவில் அக்கா சொன்னாள்: "ஆத்தாவுக்கு நாலு பக்கமும் சட்டம் அடிச்சுச் சுவத்துல மாட்டியிருந்தா இவ கண்டுபிடிச்சிருப்பா."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

இன்றும் எங்கள் வீட்டில் தேடுகிற பொருள் கண்ணெதிரே கிடந்தால், "சட்டம் போட்டு மாட்டணுமாக்கும்?" என்பார்கள். ஆத்தாவைப் பார்த்தே இராத பிள்ளைகளும் சொல்கிறார்கள். அக்கா அதை எனக்கென்றுதான் சொன்னாள். ஆனால் அப்பா இருந்தவரை, அவர் காதுபட யாராவது அதைச் சொல்லிவிட்டால், சாப்பிட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, மெட்டியை அறுத்த அந்தப் பட்டறைக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இருக்காது.