கேப்பு இல்லேன்னாங்க, விட்டுட்டேன்

புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிற ஆளிடம் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நன்றாகச் செய்வான், வேறு எதையோ. நான் அந்த ரகம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால், யாராவது பேச்சில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தலையாட்டுவேன். (தலையாட்டுகிறவனிடம் யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.)

அப்படித் தலையாட்டித்தான் எங்கள் பாஸ்கெட்பால் டீமின் ஒரே நல்ல ஆட்டக்காரரைத் தொலைத்தேன்.

டீம் என்னுடையது இல்லை, என் அண்ணன் வேலுவுடையது. கடலூர் முதுநகரில் அவன் ஆரம்பித்து அவனே நடத்திய டீம். மஞ்சள்காமாலை வந்து ஒரே மாதத்தில் போய்விட்டான். அவன் போன பிறகு எனக்கு உட்கார முடியாமல் போய்விட்டது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே. சோறு தின்னும்போது பாதியில் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வருவேன். துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. அங்கே ஒரு ஐஸ் பாரைத் தள்ளச் சொன்னால் மூன்று பாரைத் தள்ளிவிட்டு நிற்பேன். மேஸ்திரி ரொம்ப சந்தோஷப்பட்டார். அம்மாதான், “எங்கியாவது ஒரு எடத்துல உக்காருடா, பாக்கறதுக்கு எனக்குத் தலய சுத்துது” என்பாள்.

டீமை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது நான் எழுந்து, “நான் பாத்துக்கறேன்” என்றேன். (ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். சபைக்காக எழுந்ததாகச் சொல்கிறேன்.) எனக்குப் பந்தை ஒழுங்காகத் தட்டக்கூட வராது. ஜோசப் அண்ணன்தான், “வேலு தம்பி பாத்துக்கட்டும், நான் கூட இருக்கேன்” என்று முடித்துவைத்தார். அண்ணனும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஜோடி. ஒருத்தர் பார்க்காமலே மற்றவருக்குப் பந்தைப் போடுவார். அவர் இருந்தால் டீம் இருக்கும், அவர் போனால் மற்ற பையன்கள் மறுநாளே கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். இது எனக்கும் தெரியும்.

அதற்கு முந்தின வருஷம்தான் சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கலியமூர்த்தி முதலாளி, சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும் பெரிய லீக் ஒன்றை ஆரம்பித்திருந்தார். மகன் அமெரிக்காவில் இருந்தான். அங்கே எப்படியோ இங்கேயும் அப்படி நடக்க வேண்டும் என்று இந்தத் தடவை டீம் மேனேஜர்களையெல்லாம் கடை மாடிக்குக் கூப்பிட்டார். கீழே ஒருவர் பாத்திரத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த மெஷின் டர்ர்ர் என்று அலற, அதற்கு மேல் முதலாளி கத்தினார்.

“போன வருஷம் காசு இருக்கறவன் நல்ல ப்ளேயரயெல்லாம் அள்ளிக்கிட்டான். இந்தத் தடவ அமெரிக்கா ரூலு. சேலரி கேப்பு! வெளியாள எடுத்தா கேப்புக்குள்ள வரணும். காண்ட்ராக்ட் முடிஞ்சவன் ஃப்ரீ, யார் வேணா கூப்புடலாம். ஆனா ஒங்க சொந்த ப்ளேயர நீங்களே திரும்ப எடுக்கறதுக்கு மட்டும் கேப்பு கெடையாது. புரிஞ்சிதா?”

முதல் ஆளாக நான் தலையாட்டினேன்.

நான் புரிந்துகொண்டது இதுதான். கேப்பு என்றால் இடைவெளி. பஸ்ஸில் இரண்டு பேருக்கு நடுவே விடுகிறோமே, அது. வெளியாள் என்றால் குறிப்பிட்ட இடைவெளிக்குள் அவசரமாகப் பிடிக்க வேண்டும். சொந்த ஆளுக்கு இடைவெளிக் கணக்கே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காக்காரனுக்கு என்ன அறிவு என்று பஸ்ஸில் வரும்போது வியந்துகொண்டே வந்தேன்.

ஜோசப் அண்ணனுக்குக் காண்ட்ராக்ட் முடிந்திருந்தது. அவர் எங்கே போகப்போகிறார் என்று, நான் வெளியாள் வேட்டைக்குக் கிளம்பினேன். மங்கலம்பேட்டையில் ஆறடிக்கு மேல் இரண்டு பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போய்ப் பேசிவிட்டேன். (உயரம் உண்மைதான். பந்து வரும்போது இருவரும் குனிந்துவிடுவார்கள் என்பது பிறகு தெரிந்தது.) அண்ணன் இருந்தபோது எடுக்காத கப்பை நான் எடுத்துக் காட்டுகிறேன் என்று உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு.

பேர் கொடுக்க முதலாளிக்குப் போன் போட்டேன்.

“எடம் இல்லியேப்பா,” என்றார். “ஜோசப்பு ஒங்க ஆளு. அவருக்குன்னு ஒங்க கணக்குல ஒரு தொகைய ஒதுக்கி வெச்சிருக்கேன். அவர வுட்டாத்தான் இந்த ரெண்டு பேரும் உள்ள வர முடியும். வுட்டுர்றியா?”

“வுட்டுடுங்க மொதலாளி.”

“நல்லா யோசிச்சியா?”

“இதுல யோசிக்க என்னா இருக்கு? அவருக்குத்தான் கேப்பு இல்லியே!”

“செரிப்பா, ஒன் இஷ்டம்,” என்று போனை வைத்தார். என் அறிவைப் பார்த்து அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் ஐஸ் பார் தள்ளிக்கொண்டிருந்தபோது டீம் பையன் ஒருவன் ஓடிவந்தான். “செந்திலு, ஜோசப் அண்ணன் சிதம்பரம் டீமுக்குக் கையெழுத்து போடப் போயிட்டாரு. நீ வுட்டுட்டியாமே!”

“நான் எங்கடா வுட்டேன்? சும்மா எடத்துக்காக வுட்டேன்!”

ஈர லுங்கியோடு பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. புதுச்சத்திரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை. முன்னால் இன்னொரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஓடிப்போய் அதில் ஏறினேன். அது உறுமியதோடு சரி. நான் இறங்கிய பஸ், டீ குடித்த டிரைவரோடு, என் கண் முன்னாலேயே முந்திக்கொண்டு போனது. கண்டக்டர் வேறு கையாட்டினார்.

முதலாளி கடைக்குள் நுழைந்தபோது ஜோசப் அண்ணன் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“போட்டாச்சு,” என்றார்.

“அண்ணே, நான் வுடல அண்ணே. ஒங்களுக்குத்தான் கேப்பு இல்லன்னு...”

முதலாளி குறுக்கே வந்தார். “கேப்பு இல்லன்னாதான்டா வுடவே கூடாது! மொதல்லயே அவர எழுதியிருந்தா எவ்ளோ சம்பளம் வேணா குடுத்து வெச்சிருக்கலாமே. வுட்ட ஒடனே அவரும் வெளியாளாயிட்டாரு. இப்ப ஒங்கிட்ட எடமும் இல்ல.”

“இல்ல மொதலாளி, எப்ப வேணா எடுத்துக்கலாம்னு...”

“எப்ப வேணாவா? கேப்புன்னா என்னான்னு நெனச்ச?”

“எடவெளி.”

பேர் வெட்டுகிற மெஷின் நின்றுவிட்டது.

“எடவெளியா? டேய், நெல உச்சவரம்பு கேள்விப்பட்டதில்ல? இதுக்கு மேல வெச்சிக்கக் கூடாதுன்னு? அதுடா! சம்பளத்துக்கு உச்சவரம்பு!” அவர் ஒரு சம்படத்தை எடுத்து மூடியால் படாரென்று மூடினார். “கேப்பு! மூடி!” இன்னொரு தடவை மூடினார். “மூடி!”

கடைப் பையன்கள் சிரித்தார்கள். பேர் வெட்டுகிறவர் மெஷினை வைத்துவிட்டுச் சிரித்தார். ஜோசப் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

“ஒங்க அண்ணன் போனப்ப எத்தினி டீம்ல என்ன கூப்ட்டாங்க தெரியுமா? நான் போவல. அவன் தம்பி தனியா நிக்கிறானேன்னு போவல. நேத்து மொதலாளி போன் பண்ணி, ஒன்ன வுட்டுட்டாங்கப்பாங்கறாரு. யாருன்னு கேட்டேன். செந்திலுன்னாரு. எனக்கு எப்டிடா இருந்திருக்கும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனபோது வராத அழுகை. அன்றைக்கு எனக்கு ஆயிரம் வேலை, பந்தல்காரன், வண்டிக்காரன் என்று ஓடிக்கொண்டே இருந்துவிட்டேன். அதெல்லாம் சேர்த்துவைத்து, எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில், ஈர லுங்கியில், மூக்கு ஒழுக அழுதேன். மகளுக்குச் சீர் பாத்திரம் எடுக்க வந்த ஒரு அம்மா பயந்துபோய் கடைப் பையனிடம் கேட்டாள்:

“ஏம்ப்பா, வெலய கேட்டுட்டா அழுவறாரு?”

ஜோசப் அண்ணன் தாக்குப்பிடிக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே என் தலையைப் பிடித்துத் தன் தோளில் இடித்துக்கொண்டார். “எடவெளியாம்டா,” என்றார். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

ஆனால் கையெழுத்து கையெழுத்துதான். அந்த சீசன் முழுக்க அவர் சிதம்பரத்துக்கு ஆடினார். எங்களுக்கு எதிராக ஆடிய அன்று முதல் கூடையை அவர்தான் போட்டார். அண்ணன் சொல்லிக்கொடுத்த மாதிரியே, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, பந்தை மறுபக்கம் விட்டு. நான் என்னை மறந்து துள்ளிக் குதித்துக் கை தட்டினேன். மைதானத்தில் எங்கள் பக்கம் கை தட்டிய ஒரே ஆள் நான்தான்.

மங்கலம்பேட்டை உயரக்காரர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். “மேனேஜரே, நீங்க எந்த டீமு?”

எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். பையன்களில் பாதிப் பேர் கிரிக்கெட்டுக்குப் போனார்கள். மீதிப் பேரை நான் வீடு வீடாகப் போய் இழுத்து வந்தேன். (எப்படியும் நடந்துகொண்டேதானே இருக்கிறேன்.) சீசன் முடிந்ததும் ஜோசப் அண்ணன் அங்கே ஃப்ரீ ஆனார். இப்போது எங்களுக்கு அவர் வெளியாள், உச்சவரம்புக்குள்தான் வர வேண்டும். எங்களிடம் மிச்சம் இருந்ததை நான் வாயைத் திறந்து சொல்லவே கூசினேன். சிதம்பரத்தில் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

“அதயே எழுது,” என்றார். “மொதல்ல என் பேர எழுது. அப்பறம் எவன் வேணா வரட்டும்.”

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நானே மறந்திருப்பேன். என் தங்கை தேவிக்குக் கல்யாணம் வந்தது. டீம் சார்பில் மண்டப வாசலில் ஜோசப் அண்ணன் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார். மேலே வேலு அண்ணன் சிரிக்கிற படம். கீழே நான், கூலிங் கிளாஸோடு. என் பேருக்கு முன்னால் கொட்டை எழுத்தில்: “கேப்” செந்தில்.

மாப்பிள்ளையின் மாமா குறிஞ்சிப்பாடிக்காரர். சாப்பாட்டுப் பந்தியில் என்னைக் கூப்பிட்டு மரியாதையாக விசாரித்தார். “போர்டுல பாத்தேன். கேப்பு ஓட்றீங்களாமே? சொந்த வண்டியா, கம்பெனி வண்டியா?”

நான் வழக்கம்போல் தலையாட்டப் போனேன். சாம்பார் வாளியோடு வந்த ஜோசப் அண்ணன் முந்திக்கொண்டார்.

“வண்டியெல்லாம் ஓட்ட மாட்டாரு மாமா. கூட இருக்கற ஆளத்தான் ஓட்டி வுடுவாரு.”

கதை என்னவென்று பந்தியே கேட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் முழுக்கச் சொன்னார், லுங்கி உட்பட. அம்மா தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கினாள். அழுகிறாள் என்று பதறி ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தங்கை வீட்டுக்கு நான் எப்போது போனாலும், அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று உள்ளே குரல் கொடுப்பார்: “தேவி, மச்சான் வந்திருக்காரு. யாரும் எழுந்திரிக்காதீங்க, எடத்த கெட்டியா புடிச்சிக்குங்க, இல்லன்னா வுட்டுடுவாரு!”